மதில் இடித்து வீதி சமைத்த கலெக்டர்
மதுரை நகருக்குக் காற்றும் வெளிச்சமும் கொடுத்த பிளாக்பர்ன் துரையின் கதை

மதுரையில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். கீழவாசலுக்குப் போங்கள் என்பார் ஒருவர். தெற்குவாசலில் இறங்குங்கள் என்பார் இன்னொருவர். மேலவாசல் பக்கம் என்று கை காட்டுவார் வேறொருவர். அங்கே போய் நின்று பார்த்தால் வாசல் எதையும் காணோம்! கடைகளும் வண்டிகளும் ஜன நெருக்கடியும்தான் கண்ணில் படும். கதவும் இல்லை, காவலும் இல்லை. வாசல் மறைந்துவிட்டது, அதன் பெயர் மட்டும் ஊர் வாயில் நிலைத்துவிட்டது.

அந்த வாசல்கள் எந்த மதிலில் இருந்தன? அந்த மதில் எங்கே போயிற்று? அதை யார் அகற்றினார்கள், எதற்காக அகற்றினார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், 1834 முதல் 1847 வரை பதின்மூன்று ஆண்டுகள் மதுரை ஜில்லாவின் கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன் என்ற ஆங்கிலேயரிடம் போய்ச் சேருவோம்.

அன்னிய ஆட்சியின் அதிகாரி அவர். வரி வசூலிப்பதற்கென்றே கும்பினியார் அனுப்பி வைத்த உத்தியோகஸ்தர். ஆனாலும் மதுரை ஜனங்கள் அவருக்கு ஒரு விளக்கு ஏற்றி வைத்தார்கள். ஏன் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நாயக்கர் எழுப்பிய கோட்டை

பதினாறாம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் அரசை நிறுவிய விசுவநாத நாயக்கர், பாண்டியர் காலத்துப் பழைய கோட்டையை விரிவாக்க எண்ணினார். பழையதை அகற்றிவிட்டு அதற்கு வெளியே பெரியதாகப் புதுக்கோட்டை எழுப்பினார். இரட்டை மதில், சுற்றிலும் அகழி, எழுபத்திரண்டு கொத்தளங்கள். கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் வீதம் எழுபத்திரண்டு பேரிடம் காவல் ஒப்படைக்கப்பட்டது என்பது வழிவழியாக வரும் செய்தி. பாண்டியர் கோட்டையின் மிச்சமாக அம்மன் கோயிலுக்குக் கிழக்கே விட்டவாசல் என்ற கல்வாசல் ஒன்று இன்றும் நிற்கிறது.

கோட்டைக்குள்ளே ஊர் அமைந்த முறை உலகப் பிரசித்தம். நடுவில் மீனாட்சியம்மன் திருக்கோயில். கோயிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, அதைச் சூழ்ந்து ஆவணி மூல வீதி, அதையும் சூழ்ந்து மாசி வீதி. தாமரை இதழ்கள் அடுக்கடுக்காக விரிந்தாற்போல ஒன்றை ஒன்று சுற்றி வரும் வீதிகள். மாசி வீதியோடு ஊர் முடிந்தது. அதற்கப்பால் மதில், மதிலுக்கப்பால் அகழி, அகழிக்கப்பால் வயலும் வெளியும்.

அந்த மதில் வீணாகக் கட்டப்பட்டதல்ல. யுத்தம் ஓயாத காலத்தில் அதுதான் ஊரின் கவசம். 1763-லும் 1764-லும் கான்சாகிபு என்ற யூசுப்கான் ஆற்காட்டு நவாபையும் கும்பினிப் படையையும் எதிர்த்து நின்றது இந்த மதிலுக்குப் பின்னால் இருந்துதான். பீரங்கிகள் பல மாதம் முழங்கியும் கோட்டை எளிதில் வசப்படவில்லை. கடைசியில் உள்ளிருந்தவர்களின் துரோகத்தாலேயே அவர் பிடிபட்டார். 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். மதுரைக் கோட்டை தன் வீரத்தைக் காட்டிய கடைசிப் பெரும் போர் அது.

காவலே சிறையாயிற்று

1790-ல் மதுரைக்குக் கும்பினிக் கலெக்டர் வந்தார். 1801-ல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பாளையக்காரர் போர் அடங்கியது. அதே ஆண்டில் கர்நாடகப் பிரதேசம் முழுவதும் கும்பினியார் கைக்குப் போயிற்று. பாளையங்களின் கோட்டைகளை இடித்துத் தள்ளும்படி உத்தரவும் பிறந்தது. பாஞ்சாலங்குறிச்சியைத் தரைமட்டமாக்கினார்கள். அங்கே இடித்தது பகையால். மறுபடி ஒருவரும் தலையெடுக்கக் கூடாது என்பதற்காக.

மதுரைக் கோட்டையோ நின்றது. ஆனால் அதற்கு வேலை இல்லை. முற்றுகையிட யாரும் வரவில்லை. காவல் காக்கப் பாளையக்காரர்களும் இல்லை. வேலையில்லாத கோட்டை என்ன ஆகும்? மதிலில் செடி முளைத்தது. கொத்தளம் சரிந்தது. அகழி இருக்கிறதே, அதன் நிலைமைதான் மிகவும் மோசம்.

ஓடாத நீர் நாறும் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். மழை பெய்தால் அகழியில் நீர் தேங்கும். வெயிலில் பாதி வற்றிச் சேறாகும். ஊர்க் குப்பையும் அங்கேதான், கழிவு நீரும் அங்கேதான். உள்ளே மாசி வீதி வரையில் வீட்டோடு வீடு ஒட்டிக் குடியிருப்பு. ஜனத்தொகை பெருகுகிறது, மதிலைத் தாண்டி ஊர் விரிய இடமில்லை. நாலு பக்கமும் சுவர் மறிப்பதால் காற்றுக்கும் வழியில்லை. திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் யாத்திரிகர்கள் கூடினால், அவர்கள் பின்னாலேயே வாந்திபேதியும் வந்து சேரும்.

1809 முதல் 1811 வரை மூன்று ஆண்டுகள் கோயமுத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு கொடிய விஷக்காய்ச்சல் பரவியது. அதன் காரணத்தை ஆராயச் சென்னை சர்க்கார் வைத்தியர் குழு ஒன்றை நியமித்தது. டாக்டர் எயின்ஸ்லி முதலானவர்கள் ஊர் ஊராக ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1816-ல் லண்டனில் புத்தகமாகவும் வெளிவந்தது.

காய்ச்சல் எப்படி உண்டாகிறது என்று அக்கால வைத்தியர்களுக்குத் தெரியாது. தேங்கிய நீரும் அழுகிய தழையும் சேர்ந்து கெட்ட காற்றை எழுப்புகின்றன, அந்தக் காற்றே காய்ச்சலைக் கொடுக்கிறது என்று நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். குற்றவாளி காற்று அல்ல, கொசு என்பதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். ஆனால் கொசு பிறப்பதும் அதே தேங்கிய நீரில்தானே? காரணத்தைத் தவறாகச் சொன்னாலும் இடத்தைச் சரியாகவே சுட்டினார்கள். தேக்கத்தை ஒழித்தால் காய்ச்சல் குறையும் என்ற முடிவில் பிழையில்லை.

துரை வந்தார்

பிளாக்பர்ன் 1834-ல் கலெக்டர் பதவி ஏற்றார். அவருக்கு முன்பு 1812 முதல் 1828 வரை இருந்த ரவுஸ் பீட்டர் என்ற கலெக்டரை மதுரை ஜனங்கள் பீட்டர் பாண்டியன் என்றே அழைத்தார்கள். மீனாட்சியம்மனுக்குப் பொன்னாலான அங்கவடி செய்து கொடுத்த துரை என்று அவர் பெயர் இன்றும் வழங்குகிறது. அப்படிப்பட்ட தாராளமான மனிதர் இருந்த நாற்காலிக்குப் பின்னால் வருகிறவர் பெயர் எடுப்பது கஷ்டம்.

பிளாக்பர்ன் வேறு வழியில் பெயர் எடுத்தார். அவர் பார்வை போனது அகழியின் மேலும் மதிலின் மேலும். யுத்தத்துக்கு உதவாத சுவர், நோயை வளர்க்கும் பள்ளம், இரண்டும் சேர்ந்து ஊரின் கழுத்தை நெரிக்கின்றன என்பதைக் கண்டார். இரண்டையும் ஒரே அடியில் தீர்க்க முடியும் என்பதையும் கண்டார். மதிலை இடித்தால் மண்ணும் கல்லும் கிடைக்கும். பள்ளத்தை நிரப்ப வேண்டியதும் மண்ணும் கல்லும்தான். நோயும் மருந்தும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன!

சொல்வது எளிது. எழுபத்திரண்டு கொத்தளம் கொண்ட இரட்டை மதில் அது. இடிக்க எத்தனை ஆள் வேண்டும்? கூலி யார் கொடுப்பது? கும்பினியார் செலவு என்றால் கையை இறுக மூடிக்கொள்பவர்கள். வருமானத்துக்கு வழி காட்டினால் கேட்பார்கள். ஊர் சுகாதாரத்துக்கென்று பணம் கேட்டால் கேட்கமாட்டார்கள். அக்காலத்தில் நகரசபையும் கிடையாது, நகர வரியும் கிடையாது. மதுரைக்கு நகரசபை வந்தது 1866-ல்தான்.

ஜனங்கள் மனமும் உடனே இசைந்துவிடவில்லை. கோட்டை வாசல்களில் காவல் தெய்வங்கள் குடியிருப்பதாக நம்பிக்கை. அவற்றின் இடத்தில் கடப்பாறையை வைக்க யாருக்குக் கை வரும்? தெய்வங்களுக்குப் பூசை போட்டு, முறைப்படி இடம் பெயர்த்த பிறகே வேலை நடந்தது என்று மதுரையில் செவிவழிக் கதை உண்டு. இரவில் சாத்தும் கதவு இல்லாமற் போனால் கள்ளர் பயத்துக்கு என்ன செய்வது என்ற கவலையும் இயல்பானதே. பல தலைமுறையாகச் சுவருக்குள் உறங்கிப் பழகியவர்களுக்கு வெட்டவெளி அச்சம் தரத்தான் செய்யும்.

காசில்லாமல் நடந்த காரியம்

இந்தச் சிக்கலுக்குப் பிளாக்பர்ன் கண்ட உபாயம்தான் அவர் கெட்டிக்காரத்தனத்துக்குச் சாட்சி. மதிலை இடித்து அகழியை நிரப்ப முன்வருகிறவர்களுக்கு, அப்படி நிரம்பிய இடத்திலேயே மனை கொடுக்க ஏற்பாடு செய்தார். இடிக்கிறவனே குடியேறுகிறவன். தன் மனையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறவன் கூலி கேட்கமாட்டான். வேலையில் ஏமாற்றவும் மாட்டான். தன் வீட்டு அஸ்திவாரம் தாழ்ந்துவிடக் கூடாது என்று பள்ளத்தை நன்றாகவே மிதித்து நிரப்புவான். மாசி வீதிக்குள் நெருக்கடியில் தவித்த குடும்பங்களுக்கு இது நல்ல வாய்ப்பு. நேற்று வரை பயந்தவர்கள் இன்று மண்வெட்டி எடுத்தார்கள்.

ஆனால் ஆளுக்கொரு பக்கம் இடித்து, ஆளுக்கொரு மூலையில் வீடு கட்டினால் ஊர் என்ன கதியாகும்? அகழி போய்ச் சந்து பொந்துகள் மிஞ்சும். அதைத் தடுக்க அளவு வேண்டும், கோடு வேண்டும், மேற்பார்வை வேண்டும். அளவு போட்டுக் கொடுத்தவர் மாரெட் என்ற சர்வே அதிகாரி. களத்தில் நின்று வேலை வாங்கியவர் பெருமாள் என்ற மேஸ்திரி. 1830-களின் பிற்பகுதியில் தொடங்கிய காரியம் 1840-களில் உருவம் பெற்றது. மதில் இருந்த இடத்திலும் அகழி இருந்த இடத்திலும் புதிய வீதிகள் எழுந்தன.

அவைதான் வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி.

இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரத் துரை புது வீதி போடுகிறார் என்றால் தம் நாட்டு வழக்கப்படி சதுரங்கப் பலகை போல நேர்க்கோடுகளை இழுத்திருக்கலாம். கோயிலைப் பற்றிக் கவலைப்படாமல் கச்சேரிக்கும் பட்டாளத்துக்கும் வசதியாகப் பாதை அமைத்திருக்கலாம். பிளாக்பர்ன் அப்படிச் செய்யவில்லை. கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் வளைந்து வரும் பழைய வீதிகளின் போக்கிலேயே புதிய வீதிகளும் அமைந்தன. மாசி வீதிக்குக் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று பெயர் இருப்பதுபோலவே வெளி வீதிக்கும் உண்டு. தாமரையில் பழைய இதழ்கள் அப்படியே இருக்க, வெளிச்சுற்றில் மட்டும் புது இதழ் மலர்ந்தது. அதனால்தான் எது பாண்டியன் வீதி, எது நாயக்கன் வீதி, எது துரை போட்ட வீதி என்று வேற்றுமை தெரியாதபடி மதுரை இன்று ஒரே ஊராகக் காட்சி தருகிறது.

வீதிகளின் பெயரிலும் ஒரு நீதி இருக்கிறது. மாரெட் என்ற ஆங்கிலப் பெயர் மதுரை நாவில் மாரட் ஆகி ஊர்ப் பெயராகவே தேய்ந்துவிட்டது. அதற்குச் சமமாக, வெயிலில் நின்று வேலை வாங்கிய ஒரு தமிழ் மேஸ்திரியின் பெயரும் வீதிக்குச் சூட்டப்பட்டது. கோட்டை கட்டிய கொத்தர்களின் பெயரை எந்த அரசனும் கல்லில் வெட்டவில்லை. அதை இடித்து ஊர் அமைத்த மேஸ்திரி பெயரோ தபால் முகவரியில் தினந்தோறும் எழுதப்படுகிறது.

வியன்னாவுக்கு முன்பே

உலக வரலாற்றோடு ஒப்பிட்டால் இந்தக் காரியத்தின் பெருமை இன்னும் விளங்கும். ஐரோப்பாவில் கோட்டைச் சுவரை இடித்து அழகிய சுற்று வீதி அமைத்த நகரம் என்று எல்லோரும் புகழ்வது வியன்னாவை. ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பிரான்சிஸ் ஜோசப் அதற்கு உத்தரவு போட்டது 1857-ல். சக்கரவர்த்தி ஆணையிட்டு, சிற்பிகள் திட்டம் போட்டு, மாளிகைகள் எழுப்பிய காரியம் அது. அதற்கு முன்பே மதுரையில் ஒரு ஜில்லா கலெக்டரும் ஒரு சர்வேயரும் ஒரு மேஸ்திரியும், ஊர் ஜனங்களும் சேர்ந்து தங்கள் சுற்று வீதிகளைப் போட்டுவிட்டார்கள்.

நம் சென்னையையும் பாருங்கள். கறுப்பர் பட்டணத்துக்குச் சுவர் எழுப்பிய கும்பினியார், அந்தச் செலவுக்காக ஜனங்கள் மேல் வரி விதிக்க நினைத்தார்கள். சுவர் வரியின் ஞாபகமாக வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் நிலைத்துவிட்டது. அங்கே சுவர் கட்ட வரி. இங்கே சுவர் இடிக்க மனை!

விளக்கே ஞாபகச் சின்னம்

பிளாக்பர்ன் 1847-ல் கலெக்டர் பதவியிலிருந்து விலகினார். அவருக்கு நன்றி காட்ட நினைத்த ஜனங்கள் சிலை வைக்கவில்லை. விளக்குத் தாங்கிய தூண் ஒன்றை நாட்டினார்கள். நெருக்கடியில் இருண்டு கிடந்த ஊருக்கு வெளிச்சம் கொடுத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் எது?

அந்தத் தூண்தான் மதுரையின் விளக்குத்தூண். திருமலை நாயக்கர் மஹாலுக்குப் பக்கத்தில், ஜவுளிக்கடைகள் நிறைந்த இடத்தில் அது நிற்கிறது. தீபாவளி வந்துவிட்டால் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து புதுத்துணி வாங்க வரும் குடும்பங்கள் அதை அடையாளமாக வைத்துத்தான் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்கின்றன. போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர். யாருக்காக ஏற்றிய விளக்கு என்று கேட்டால்தான் பலருக்கு விடை தெரிவதில்லை.

பின்னால் வந்த நன்மைகளுக்கெல்லாம் அவர் திறந்த வாசலே வழி கொடுத்தது. 1875-ல் திருச்சியிலிருந்து ரயில் வந்தது. மேலவெளி வீதிக்கு எதிரே ஸ்டேஷன் அமைந்தது. மதிலும் அகழியும் அப்படியே கிடந்திருந்தால் ரயிலிலிருந்து இறங்கியவன் கோட்டைக் கதவு திறக்கக் காத்து நின்றிருப்பான். 1889-ல் வைகையின் மேல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பட்டது. வடகரையும் தென்கரையும் ஒன்றாயின. 1895-ல் பென்னிகுயிக் கட்டிய அணையிலிருந்து பெரியாற்று நீர் மதுரைச் சமவெளிக்குப் பாய்ந்தது. 1959-ல் வைகை அணை வந்தது. 1971-ல் மதுரை மாநகராட்சி ஆயிற்று. வயலும் வெளியுமாகக் கிடந்த வெளி வீதிக்கு அப்பால் இன்று மைல் கணக்கில் ஊர் பரந்திருக்கிறது.

நஷ்டக் கணக்கும் உண்டு

இத்தனை சொன்ன பிறகு, நஷ்டத்தையும் சொல்வதே நேர்மை. விசுவநாத நாயக்கரின் கோட்டை ஒரு சரித்திரச் செல்வம். யூசுப்கான் நின்ற கொத்தளத்தை இன்று நாம் பார்க்க முடியாது. பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே மேலைக் கோட்டையின் ஒரு துண்டு மட்டும், அவசரத்தில் விட்டுப்போன எச்சம்போல நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களில் நூற்றில் ஒருவராவது அதைத் திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். கோட்டை இடிந்த கதையைச் சு. வெங்கடேசன் தம் ‘காவல் கோட்டம்’ நாவலில் சித்திரித்தார். அந்த நாவலுக்கு 2011-ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. இழந்ததை நினைத்துப் பார்க்கும் மனமும் ஊருக்கு இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

எல்லாவற்றையும் இடிப்பதுதான் நகர முன்னேற்றம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1915 வாக்கில் நகர அமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்தார், மதுரையையும் ஆராய்ந்தார். பழைய தெருக்களைக் கிழித்துக்கொண்டு அகல ரோடு போடுவதை அவர் ஒப்பவில்லை. பாழடைந்த வீடு ஒன்றிரண்டை மட்டும் அகற்றி, காற்றும் வெளிச்சமும் புகச் செய்து, மரம் நட்டு, குளத்தைச் சுத்தம் செய்து, குடியிருப்பவர்களைக் குடியோடு காப்பாற்றுவதே சிறந்த சிகிச்சை என்பது அவர் கொள்கை. தேர்ந்த வைத்தியன் நோய் கண்ட இடத்தை மட்டுமே அறுப்பான்; உடம்பைக் கூறு போடமாட்டான்.

பிளாக்பர்ன் செய்ததும் அத்தகைய சிகிச்சைதான். யுத்தத்துக்கும் உதவாமல் ஜனங்களுக்கும் உதவாமல் கிடந்த சுவரைத்தான் அவர் தொட்டார். கோயிலைத் தொடவில்லை, தேரோடும் வீதியைத் தொடவில்லை, உள்ளே குடியிருந்தவர்களை விரட்டவில்லை.

அன்றைய தேக்கம் அகழியில் இருந்தது. இன்றைய தேக்கம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் நதி என்று பெயர் பெற்ற கிருதுமால் சாக்கடையாகிவிட்டது. வைகையில் நீர் ஓடும் நாளைவிட மணல் தெரியும் நாளே அதிகம். அன்று காற்றுக்காகத் திறந்துவிட்ட வெளி வீதிகளில் இன்று வண்டிகள் ஊர்ந்து செல்லவும் இடமில்லை. மதில் போய்விட்டாலும் நெருக்கடி போகவில்லை. அது சுவரை விட்டு வீதிக்கு வந்துவிட்டது.

இதற்குப் பெரும் பணம் வேண்டும் என்று கை விரிப்பது வழக்கம். நகரசபையும் வரியும் இல்லாத காலத்திலேயே மதுரைக்காரர்கள் ஓர் அகழியைத் தூர்த்து வீதி கண்டார்கள். பொதுக் காரியத்தில் ஜனங்களுக்கும் பங்கு கொடுத்து, அதன் பலனையும் அவர்கள் கைக்கே கிடைக்கச் செய்தால் மண்வெட்டிக்குப் பஞ்சமில்லை. கோடு போட ஒரு மாரெட் வேண்டும், களத்தில் நிற்க ஒரு பெருமாள் மேஸ்திரி வேண்டும், இருவரையும் நம்பிப் பொறுப்பு ஏற்க ஓர் அதிகாரி வேண்டும். இந்த மூவரும் ஒரே காலத்தில் சேர்ந்தது மதுரையின் அதிர்ஷ்டம். அப்படி மூவரைச் சேர்த்து வைப்பதுதான் நகரை ஆளும் பொறுப்பை ஏற்கிறவர்களின் முதல் வேலை.